டர்பனில் எங்கே சாப்பிடுவது, எங்கே சுற்றுவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் எங்கள் டர்பனுக்கு வருகிறோம், என்ன சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம் என்று கேட்டு நிறைய கேள்விகள் சேர்ந்துவிட்டன. தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்காமல் மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள் நான். சமைக்கப் பிடிக்கும், அடுத்தவர் சமைத்ததைச் சாப்பிட அதைவிடப் பிடிக்கும். அதனால் சாப்பாட்டுக் கேள்விகளுக்குப் பதில் நீளும், மால் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்குப் பதிலே கிடையாது.

கேள்வி: அக்கா, டர்பன் என்றாலே பன்னி சவ் என்கிறார்கள். முயல் கறியா? எங்கே சாப்பிடுவது? (திருச்சி)

முயலும் இல்லை, பன்றியும் இல்லை, பயப்படாதீர்கள். வெட்டாத சதுர ரொட்டியைக் கால், அரை என்று குறுக்கே அறுத்து, நடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதியைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அந்தக் குழியில் குழம்பை வழிய வழிய ஊற்றி, எடுத்த ரொட்டியை மேலே வைத்துத் தருவார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வம்சத்தார் வளர்த்த சாப்பாடு. கடையில் போய் 'குவார்ட்டர் மட்டன்' என்று சொன்னால் போதும், ஒரு ஆளுக்கு அதுவே தாராளம். அரை ரொட்டி கேட்டுவிட்டு பாதியில் மூச்சு வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாப்பிடும் முறை முக்கியம். முதலில் மேலே இருக்கும் ரொட்டியைத் தொட்டுத் தொட்டுத் தின்று குழம்பின் மட்டத்தைக் குறையுங்கள், பிறகு சுவரை மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளுங்கள். அவசரப்பட்டு அடிப்பக்கம் பிய்த்தால் குழம்பெல்லாம் மடியில்தான். முள்கரண்டி கேட்காதீர்கள், தருவார்கள், ஆனால் பக்கத்து மேசைக்காரர்கள் பார்க்கும் பார்வை நன்றாக இருக்காது. கூடவே கேரட், வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்த சாம்பல்ஸ் வரும். அதை ஒதுக்கிவிடாதீர்கள், எண்ணெய்க் குழம்புக்கு அந்தப் புளிப்பும் காரமும் வேண்டும்.

கடை என்று கேட்டால் உம்பிலோவில் கவுண்டன்ஸ், கிளென்வுட்டில் கேன் கட்டர்ஸ், உம்கேனி சாலையில் பிரிட்டானியா ஓட்டல். கவுண்டன்ஸ் வண்டிக்கு டிங்கர் வேலை செய்யும் பட்டறையோடு ஒட்டி வளர்ந்த கடை, அலங்காரம் எதிர்பார்க்காதீர்கள். மூன்றில் எது சிறந்தது என்று டர்பன்காரர்கள் இரண்டு பேரைக் கேட்டால் சண்டைதான் வரும். என் ஓட்டு கவுண்டன்ஸ் மட்டனுக்கு. ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால் திறந்திருக்கிறதா என்று முதலில் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரையை ஒட்டிய ஓட்டல்களின் மெனுவிலும் பன்னி இருக்கும். அப்படி ஒன்றில் ரொட்டி ஈரமாகி, குழம்பு பாதி ஆறிப்போய் வந்தது, விலை மட்டும் சூடு.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள். இட்லி தோசை கிடைக்குமா? (கோயம்புத்தூர்)

தோசை கிடைக்கும். ஆனால் சரவண பவனில் தின்ற தோசையை நினைத்துக்கொண்டு கேட்டால் இரண்டு பக்கமும் வருத்தம்தான். இங்கே இருக்கும் சைவமே வேறு. சுகர் பீன்ஸ் என்று ஒரு பயறு, நன்றாகக் குழைய வேகவைத்து மசாலா போட்டு வைப்பார்கள், அதை ஊற்றிய பீன்ஸ் பன்னி மட்டனைவிட விலை குறைவு, என்னைக் கேட்டால் ருசியில் குறைவில்லை. மடும்பி என்று காய்கறிக் கடையில் பார்த்தால் விடாதீர்கள், நம் சேப்பங்கிழங்குதான், ஜூலுக்காரர்களும் விரும்பிச் சாப்பிடுவது. சாட்ஸ்வொர்த்தில் 1985-ல் திறந்த இஸ்கான் கோயிலுக்குள் கோவிந்தாஸ் என்ற சைவ உணவகம் இருக்கிறது, பெரியவர்களை நம்பிக் கூட்டிப் போகலாம். கோயிலையும் பார்த்த மாதிரி ஆயிற்று.

புரட்டாசியில் வந்தால் இன்னும் வசதி. இங்கே பல தமிழ்க் குடும்பங்கள் அந்த மாதம் முழுக்கக் கவுச்சி தொடமாட்டார்கள், அதனால் கடைகளிலும் சைவம் கூடிவிடும்.

கேள்வி: அங்கே பிரியாணியில் பருப்பு போடுவார்களாமே, உண்மையா? (திண்டுக்கல்)

உண்மை. முழு மசூர் பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு, பக்கத்தில் பருப்புக் குழம்பும் தயிரும் வைத்துத் தருவார்கள். திண்டுக்கல்காரருக்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்யும். கல்யாண வீட்டு அண்டாவிலிருந்து ஒரு தட்டு சாப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

கேள்வி: கடலில் குளிக்கலாமா? சுறா பயம் உண்டா? (சென்னை)

குளிக்கலாம், ஆனால் பாதுகாவலர்கள் கொடி நட்டிருக்கும் இடத்துக்கு நடுவில் மட்டும். மெரினாவைப் போலவே இங்கேயும் அலை ஆளை இழுக்கும். தண்ணீர் என்னவோ வருஷம் முழுக்க இதமாக இருக்கும், வெப்பமான அகுல்ஹாஸ் நீரோட்டம் இந்தக் கரையோரமாகப் போகிறது. கேப் டவுன் கடலில் கால் நனைத்துவிட்டு அலறியவர்களுக்கு இது சொர்க்கம்.

சுறாவுக்கு வலையும் தூண்டிலும் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்யும் சுறா வாரியம் உம்லாங்காவில் இருக்கிறது. அங்கே பார்வையாளர்கள் முன்னால் சுறாவை அறுத்து விளக்கிக் காட்டும் நிகழ்ச்சி உண்டு, பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்ப்பார்கள், பெரியவர்களில் சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வருவார்கள். சுறாவைவிட நான் கவலைப்படுவது சாக்கடை நீருக்கு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்கள் பல இடங்களில் சேதமாகி, அதன்பின் அவ்வப்போது கடற்கரைகளை மூட வேண்டி வந்தது. இறங்கும் முன் அன்றைக்கு எந்தக் கடற்கரை திறந்திருக்கிறது என்று நகராட்சி அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள், கனமழைக்கு மறுநாள் இறங்கவே வேண்டாம்.

கேள்வி: ஊர் பாதுகாப்பானதா? வீட்டில் பயமுறுத்துகிறார்கள். (பெங்களூருவில் வேலை பார்க்கும் தம்பி)

பயந்து அறைக்குள் உட்கார வேண்டாம், அசட்டையாகவும் இருக்க வேண்டாம். காலையில் கடற்கரை நடைபாதை கலகலவென்று இருக்கும், தாராளமாக நடக்கலாம். நகர மையத்தில் பகலில் போங்கள், போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் வரைபடம் பார்க்காதீர்கள், கழுத்துச் சங்கிலியை அறையிலேயே விட்டுவிடுங்கள். இருட்டியபின் மையத்தில் நடை வேண்டவே வேண்டாம், ஊபர் அல்லது போல்ட் கூப்பிடுங்கள். வண்டியை நிறுத்தும் இடத்தில் மஞ்சள் சட்டை போட்டுக் காவல் காப்பவருக்குத் திரும்பும்போது சில்லறை கொடுப்பது இங்கே வழக்கம், அதற்கு முறைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மசாலா வாங்க எங்கே போவது? மாமியார் பட்டியல் கொடுத்திருக்கிறார். (மொரீஷியஸ், போர்ட் லூயிஸ்)

விக்டோரியா தெரு மார்க்கெட்டுக்கு எல்லோரும் போவார்கள், நீங்களும் போங்கள். பழைய மார்க்கெட் 1973-ல் தீயில் போய்விட்டது, இப்போது இருப்பது பிறகு கட்டியது. கூம்பு கூம்பாகக் குவித்த மசாலாப் பொடிகளில் ஒன்றுக்கு 'மாமியார் ஒழிப்பான்' என்கிற அர்த்தத்தில் ஆங்கிலப் பெயர் எழுதியிருக்கும். உங்கள் மாமியாருக்கு அதை வாங்கிப் போவீர்களா என்பது உங்கள் தைரியம். பேரம் பேசலாம். சுற்றுலாக்காரர் என்று தெரிந்தால் விலை ஏறும், அதற்கு ஊர் பேதமில்லை.

எனக்குப் பிடித்தது அதற்குப் பக்கத்தில் இருக்கும் வார்விக். பல மார்க்கெட்டுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடம்: மூலிகை விற்கும் பாலம், மாட்டுத்தலை வேகவைத்து விற்கும் இடம், மணிமாலை விற்பவர்கள், எல்லாவற்றுக்கும் நடுவே விடியற்காலை மார்க்கெட். கூலி ஒப்பந்தம் முடிந்து காய்கறி பயிரிட ஆரம்பித்த நம் ஆட்களின் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் தலைமுறையாகக் கடை போட்டிருக்கிறார்கள். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் மூட்டையாக வந்து இறங்கும். 2009-ல் இதை இடித்துவிட்டு மால் கட்டப் பார்த்தார்கள், வியாபாரிகள் விடாமல் எதிர்த்து நின்றார்கள், மார்க்கெட் தப்பித்தது. தனியாகப் போகாமல், அங்கே வியாபாரிகளோடு வேலை செய்யும் 'ஆசியே எதாஃபுலேனி' என்ற அமைப்பின் வழிகாட்டியோடு போங்கள். இல்லாவிட்டால் எதைப் பார்க்கிறோம் என்றே புரியாது.

நேரம் இருந்தால் கிரே தெரு, இப்போது டாக்டர் யூசுப் தாது தெரு. ஜும்மா மசூதியும் மதரசா ஆர்கேட் கடைகளும் அங்கேதான். பக்கத்தில் டாக்டர் கூனம் தெரு என்று ஒன்று வரும், நிறவெறிக்கு எதிராகச் சிறை சென்ற தமிழ்ப் பெண் மருத்துவர் அவர்.

கேள்வி: குடிக்க என்ன ஸ்பெஷல்? வீட்டம்மா படிக்காத இடத்தில் பதில் சொல்லவும். (ஜோகன்னஸ்பர்க்)

இங்கேதான் சொல்வேன், அவரும் படிக்கட்டும். கரும்பு ஊர் என்பதால் கேன் என்னும் கரும்புச் சாராயத்தைக் கோலா கலந்து குடிப்பது இந்தப் பக்கத்துப் பழக்கம். இரவு நேரத்துக்கு ஃபுளோரிடா சாலையில் வரிசையாக பார்களும் உணவகங்களும் உண்டு. உம்லாசி என்ற புறநகரில் சுட்ட இறைச்சியும் பாட்டுமாக இருக்கும் ஷீஸா ஞாமா இடங்களுக்கு உள்ளூர் நண்பரோடு போங்கள், கும்மாளம் அங்கேதான். வண்டி ஓட்டுவதாக இருந்தால் தொடாதீர்கள். குடிக்காதவர்களுக்கு ஸ்டோனி என்ற இஞ்சி சோடா, நம் பன்னீர் சோடா ஆட்களுக்குப் பிடிக்கும்.

கேள்வி: தமிழ் பேசுபவர்கள் இருப்பார்களா? எந்தக் கோயிலுக்குப் போவது? (மதுரை)

பேர் எல்லாம் பிள்ளை, கவுண்டர், நாயுடு, முதலியார் என்று இருக்கும், பேச்சு ஆங்கிலத்தில் இருக்கும். 1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்தது, 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆட்களை டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள், பெரும்பாலோர் மதராஸ் பக்கத்தவர். அந்த வம்சத்தில் பலருக்கு இப்போது தேவாரம் பாடத் தெரியும், தமிழில் தண்ணீர் கேட்கத் தெரியாது. 'தமிழனாக இருந்து தமிழ் தெரியாதா' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் ஆளாளுக்கு இதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குப் புளித்துவிட்டது. பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்காமல், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியிருந்த இடத்தைவிட்டு விரட்டி, சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கொண்டுபோய்ப் போட்டபிறகும் காவடியையும் ஆடிக்கூழையும் விடாமல் வைத்திருக்கிறார்கள். 'வணக்கம் ஆன்ட்டி' என்று ஆரம்பியுங்கள், பத்து நிமிஷத்தில் தட்டு நிறைய வடையும் முறுக்கும் வரும்.

கோயில் என்றால் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன். அங்கே பெரிய திருவிழா புனித வெள்ளியன்று. தோட்டக் கூலிகளுக்கு அப்போது லீவு கிடைத்தது, அம்மனுக்கும் அதுவே தேதியாகிவிட்டது. கேட்டோ மேனரில் பெல்லேர் சாலை அம்பலவாணர் ஆலயமும் பாருங்கள். உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த பழைய கோயில் 1905 வெள்ளத்தில் போனபோது தப்பிய கதவுகள் இதில் இருக்கின்றன. ஈஸ்டர் சமயத்தில் தீமிதி உண்டு.

கேள்வி: காந்தி இருந்த இடம் எது, ரயிலில் இருந்து தள்ளிவிட்ட இடம் எது? ஒரே நாளில் முடியுமா? (சேலம்)

இரண்டும் வேறு வேறு திசை, ஒரே நாளில் திணிக்காதீர்கள். 1904-ல் அவர் தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு இனாண்டாவில், நகரத்தை ஒட்டியே இருக்கிறது. 1985 கலவரத்தில் எரிந்து, பிறகு மீண்டும் கட்டியது. அருகிலேயே ஓலாங்கே பள்ளி, 1994-ல் மண்டேலா முதல் ஓட்டுப் போட்ட இடம். இதற்கும் வழிகாட்டியோடு போவது நல்லது. ரயில் நிலையம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், சுமார் 80 கிலோமீட்டர். அந்த வழியாகப் போனால் ஹோவிக்கில் மண்டேலாவை 1962-ல் பிடித்த இடத்தையும் பார்த்துவிடுங்கள், ஐம்பது இரும்புத் தூண்கள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்க்கும்போது அவர் முகமாகத் தெரியும்.

கேள்வி: எந்த மாதம் வரலாம்? (கோலாலம்பூர்)

ஜூன் முதல் ஆகஸ்ட். வெயில் இதமாக, மழை குறைவாக இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் மத்தி மீன் கூட்டம் கரைக்கு வரும் சமயம் அதுதான், வலை இழுக்கும் இடத்தில் ஊரே வாளியோடு ஓடும். டிசம்பரில் உள்நாட்டுக்காரர்கள் எல்லோரும் இங்கேதான் இருப்பார்கள், அறை கிடைக்காது.

கேள்வி: கப்பலில் வருகிறோம், காலை எட்டு முதல் மாலை நான்கு வரைதான் நேரம். (ரீயூனியன், குடும்பத்தோடு)

இறங்கியதும் நேராக விடியற்காலை மார்க்கெட், பிறகு தாவரவியல் பூங்கா. 1849-லிருந்து இருக்கும் பூங்கா, நுழைவு இலவசம், உலகத்தில் பெண் செடியே கிடைக்காத பனைபோல் தோன்றும் ஒரு வகைச் சைக்காட் மரம் அங்கே நிற்கிறது. மதியம் உம்பிலோவில் பன்னி, பிள்ளைகளுக்குக் காரம் தாங்காது, சிக்கனைக் காரம் குறைத்துக் கேளுங்கள். உஷாகா கடல் பூங்காவுக்கு இந்த நேரத்தில் போனால் வேறு எதுவும் ஆகாது, அதனால் அதை விட்டுவிட்டுக் கடற்கரை நடைபாதையில் ஜூலு ரிக்‌ஷாக்காரரோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், படத்துக்குக் காசு எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிட்டு. மூன்று மணிக்கெல்லாம் துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுங்கள், வாரநாளில் அந்தச் சாலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்.