பச்சை பெயின்ட் அடித்ததெல்லாம் மிலிட்டரி மெஷின் ஆகாது

கேள்வி: ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளுக்கு பெட்ஷீட், தலையணை உறை துவைத்துக் கொடுக்கும் தொழில் தொடங்கப் போகிறேன். ஒரு ரெஜிமென்ட் சென்டரில் கண்டம் செய்த (இனி வேண்டாம் என்று கழித்த) 50 கிலோ வாஷிங் மெஷினையும் துணி பிழியும் ஹைட்ரோவையும் 1.8 லட்சத்துக்கு முடித்துத் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். 10,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். மிலிட்டரி மெஷின் ஆயுசுக்கும் வரும் என்கிறாரே, வாங்கலாமா? பாய்லருக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டுமா?

பதில்: ஆயுசுக்கும் வரும் என்பது அந்த மாதிரி மெஷினுக்குப் பொருந்தும். புரோக்கர் காட்டுகிற மெஷினுக்குப் பொருந்துமா என்பது வேறு விஷயம்.

சர்வீஸில் நீங்களே பார்த்திருப்பீர்கள். படுக்கவைத்த பெரிய டிரம், பக்கவாட்டில் கதவு, ஒரு மோட்டார், வி-பெல்ட், கியர் பாக்ஸ், டிரம்மைக் கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமும் சுற்றவிடும் ஒரு டைமர், அவ்வளவுதான். தண்ணீர் திறப்பது, சோப்பு போடுவது, வடியவிடுவது எல்லாம் கையால். வீட்டு மெஷின் பிழியும்போது நிமிடத்துக்கு 1,000 சுற்று போகும், இது துவைக்க மட்டும்தான் என்பதால் 35 சுற்று வாக்கில் ஆற அமரச் சுற்றும், பேரிங்குக்கு அடி குறைவு. எலக்ட்ரானிக் போர்டு இல்லாததால் கரன்ட் ஏறி இறங்கினால் எரிந்துபோக பெரிதாக ஒன்றுமில்லை. மோட்டாருக்குக் கரன்ட் விடும் சுவிட்சான காண்டாக்டர் போனால் பக்கத்து எலக்ட்ரிக் கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். கம்பெனி ஆள் வந்து சேர முடியாத இடத்தில் ஸ்பானரை வைத்தே சரிசெய்ய வேண்டும் என்பதுதான் ராணுவக் கணக்கு.

ஆனால் இதே டிசைனில்தான் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் ஹோட்டல்களிலும் காலங்காலமாக மெஷின் ஓடுகிறது, இன்றைக்கும் புதிதாகவே செய்து விற்கிறார்கள். பலம் அந்த எளிமையில் இருக்கிறது, ராணுவ முத்திரையில் இல்லை. 'மிலிட்டரி கிரேடு' ஸ்டிக்கரையும் நம்பாதீர்கள். மில்-எஸ்டிடி-810 என்று எண்ணெல்லாம் போட்டிருப்பார்கள், அது பொருளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் எழுதிவைத்த முறை, நம் ஐஎஸ்ஐ மாதிரி யாரும் குத்திக்கொடுக்கும் முத்திரை கிடையாது.

ஒருமுறை இப்படி ஒரு 'ராணுவ' மெஷினைப் பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல ஆலிவ் பச்சை, பளபளவென்று. கதவுக்குக் கீழே நகத்தால் சுரண்டினால் நீலம் வருகிறது, இன்னும் சுரண்டினால் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பெயரில் பாதி. புரோக்கர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, 'மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருப்பாங்க சார்' என்கிறார்.

நிஜமாகவே ராணுவம் கழித்த பொருள் என்றால் அதற்கு வழி இருக்கிறது. பெரும்பாலும் எம்எஸ்டிசி என்ற மத்திய அரசு நிறுவனத்தின் இணைய ஏலத்தில் வரும், இருக்கிற நிலையில் இருக்கிற இடத்திலிருந்து எடுத்துக்கொள் என்பதுதான் நிபந்தனை. ஏலம் எடுத்தவர் கையில் பொருளை எடுத்துப்போகச் சொல்லும் டெலிவரி ஆர்டரும் ஜிஎஸ்டி பில்லும் இருக்கும். புரோக்கரிடம் அந்த இரண்டையும் கேளுங்கள். 'உள்ளே ஆள் இருக்கிறார், பேப்பர் அப்புறம் வரும்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள், திருட்டுப் பொருளை வைத்திருந்ததாகக் கேஸ் வந்தால் நீங்கள் எக்ஸ்-சர்வீஸ்மேன் என்பது எந்த ஸ்டேஷனிலும் உதவாது. 'யூனிட் மாற்றலாகிப் போகிறேன், மெஷினை விற்கிறேன்' என்று ராணுவ அடையாள அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பி க்யூஆர் கோடு நீட்டுகிறவன் தொண்ணூற்றொன்பது சதவீதம் மோசடிக்காரன்தான்.

நேரடியாக நீங்களே ஏலத்தில் எடுக்கலாமே என்றால், எடுக்கலாம்தான், ஆனால் இந்த அமைப்பு சின்ன ஆளுக்காகச் செய்ததில்லை. கழிப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்ய அதிகாரிகள் போர்டு உட்காரவேண்டும், அது உட்காருவதற்குள் மெஷின் மழையில் நின்று துருப்பிடிக்கும், பிறகு ஒரு மெஷினோடு உடைந்த கட்டில், ஃபேன், பழைய பைப் எல்லாம் ஒரே லாட்டாகக் கட்டி விற்பார்கள். ஒரு மெஷின் வேண்டியவன் லாரி லோடு குப்பையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவான்? அதனால்தான் எல்லாம் காயலான் கடைக்காரர்கள் கையில் போய் உங்களிடம் மூன்று மடங்கு விலையில் வருகிறது.

சரி, பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒரு டேப், ஒரு பழைய காட்டன் பனியன் எடுத்துக்கொண்டு போங்கள். டிரம்மின் குறுக்களவையும் நீளத்தையும் உள்பக்கமாக அளங்கள். குறுக்களவு 75 சென்டிமீட்டர், நீளமும் 75 என்றால் உள்ளே 330 லிட்டர் இடம். கிலோவுக்கு 10 லிட்டர் இடம் வேண்டும், ஆக அது 33 கிலோ மெஷின், அதைத்தான் 50 கிலோ என்று தலையில் கட்டுவார்கள். 50 கிலோவைத் திணித்தால் துணி புரளாது, அழுக்கும் போகாது.

அடுத்து பனியனை டிரம்முக்குள் விட்டு ஓட்டைகள்மேல் அழுத்தி இழுங்கள். ஒரு இடத்தில் நூல் மாட்டினாலும் லாட்ஜ் பெட்ஷீட் அங்கேதான் கிழியும், கிழிந்த ஷீட்டுக்கு உங்கள் பில்லில்தான் கழிப்பார்கள். பெல்ட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு டிரம்மை அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பாருங்கள், லொடக் என்று ஆடினால் பேரிங் போச்சு. பேரிங் உட்காரும் இடத்துக்குக் கீழே கண்ணீர் வழிந்த மாதிரி பழுப்புக் கோடு இருந்தால் ஆயில் சீல் எப்போதோ போய் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது.

புரோக்கர் கட்டாயம் காந்தம் எடுப்பார். 'ஒட்டலை பாருங்க, எஸ்எஸ் 304' என்பார், நல்ல ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று அர்த்தம். எஸ்எஸ் 202-இலும்தான் காந்தம் ஒட்டாது! 202 விலை குறைவு, ப்ளீச்சிங் போட்டுத் துவைத்தால் சீக்கிரம் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஸ்டீல் கடைகளில் சொட்டு விட்டுப் பார்க்கும் கெமிக்கல் இருக்கிறது, மாங்கனீசு அதிகம் என்றால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும்.

ஹைட்ரோ விஷயத்தில் ஒன்றே ஒன்று: ஓடும்போது மூடி திறக்கக் கூடாது, திறந்திருந்தால் ஓடக் கூடாது. அந்த லாக்கை ஒயர் போட்டு பைபாஸ் செய்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கை போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாய்லருக்கு வருகிறேன், இதில்தான் ஊரை ஏமாற்றுகிறார்கள். 1923-ஆம் வருஷத்துச் சட்டம் போய் இப்போது பாய்லர்கள் சட்டம் 2025 இருக்கிறது. நீராவி அழுத்தத்தில் ஓடும் பாய்லர் என்றால் பதிவு, சோதனை எல்லாம் வேண்டும். 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவுக்கு விலக்கு உண்டு, உடனே '24 லிட்டர் சார், லைசென்ஸே வேண்டாம்' என்று ஒரு கூட்டம். விலக்கு சட்டத்திலிருந்துதான், வெடிப்பதிலிருந்து இல்லை. அந்த 24-ஐ தண்ணீர் உள்ளே போகும் ஃபீட் வால்விலிருந்து நீராவி வெளியேறும் மெயின் ஸ்டீம் வால்வு வரைக்கும் உள்ள மொத்த இடமாகக் கணக்கிட வேண்டும், விற்கிறவர் டேங்கை மட்டும் அளந்து சொல்வார். இன்ஸ்பெக்டர் வந்து முழுதாக அளந்து 28 என்றால் மாட்டுவது நீங்கள்.

ஆனால் அதே சட்டத்தில் உங்களுக்கு உதவும் விலக்கு இன்னொன்று இருக்கிறது, அதை ஒரு புரோக்கரும் சொல்ல மாட்டார், விற்க அவரிடம் ஒன்றும் இல்லையே. 100 டிகிரிக்குக் கீழே தண்ணீர் சூடாக்குவது பாய்லரே கிடையாது. பெட்ஷீட்டுக்கு 65 டிகிரி தாராளம். 30 கிலோ துணிக்கு 150 லிட்டர் சுடுதண்ணீர் என்று வைத்தால் கரன்ட்டில் சுமார் ஆறரை யூனிட், வேலூர் வெயிலில் சோலார் ஹீட்டரே பாதிச் சூட்டைக் கொடுத்துவிடும். டேங்கின் காற்றுக்குழாய் எப்போதும் திறந்திருக்க வேண்டும், யாரும் அடைக்கக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இஸ்திரிக்கு கேஸிலோ கரன்ட்டிலோ ஓடும் கேலண்டர் (சூடான உருளையில் ஷீட்டைத் தேய்க்கும் மெஷின்) இருக்கிறது, அதற்காகவும் நீராவி வேண்டாம்.

அங்கே போர்வெல் தண்ணீர் சோப்பு நுரைக்காத கடின நீராக இருந்தால், அதை மென்மையாக்கும் சாஃப்ட்னர் செலவையும் கணக்கில் சேருங்கள், இல்லையென்றால் மாதச் சோப்பு பில்லைப் பார்த்துத் தலைசுற்றும். ராணுவ கேன்டீனில் சலுகை விலைக்கு நாலு வீட்டு மெஷின் வாங்கி ஓட்டலாம் என்ற யோசனையும் வரும். தொழிலுக்கு ஓட்டினால் வாரன்டி கிடையாது, வேண்டாம்.

அந்த 10,000 முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தரமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அது போகிறதே என்று மீதி 1.7 லட்சத்தையும் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள்.