சுருக்குச் சங்கிலி வேண்டுமா?

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு ஒன்றரை வயது. நடக்கக் கூட்டிப்போனால் ஒரே இழுப்பு. பின்வாங்கினால் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்கிறது. கடைக்காரர் சுருக்குச் சங்கிலி போடச் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வேண்டாம். அது வலியால்தான் வேலை செய்கிறது, மூச்சுக்குழாயையும் நசுக்கும்.

சிப்பிப்பாறையின் ஒடுங்கிய தலைக்குச் சாதாரணப் பட்டை நிற்காது. மார்புப்பட்டை (ஹார்னஸ்) வாங்குங்கள். முன்புறம் ஒய் வடிவில் இருக்கட்டும். தோளுக்குக் குறுக்கே ஓடும் பட்டை நடையைக் கெடுக்கும். நெஞ்சில் ஒரு வளையம் இருந்தால் அதில் கயிற்றை மாட்டுங்கள். நாய் இழுக்கும்போது உடல் உங்கள் பக்கம் திரும்பிவிடும். இந்த இனம் சாதாரண ஹார்னஸிலிருந்தும் நழுவும் என்பதால், விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்கும் இடத்தில் இன்னொரு வார் உள்ளதே நல்லது.

எடையைச் சொல்லி அளவு கேட்காதீர்கள். முன்கால்களுக்குப் பின்னால், மார்பு ஆழமான இடத்தில் டேப்பைச் சுற்றி அளந்துகொண்டு போங்கள். வாருக்கடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அக்குளை ஒட்டினால் குட்டை முடிக்காரனுக்குப் புண்தான். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

கயிறு 6 அடி, தட்டை நைலான் போதும். தானாக நீளும் கயிறு, இழுத்தால் இடம் கிடைக்கும் என்றே நாய்க்குக் கற்றுக்கொடுக்கும்.

கயிறு இறுகினால் நில்லுங்கள். தளர்ந்த நொடியே உங்கள் முழங்கால் அருகில் பட்டாணி அளவு வேகவைத்த கோழி, உப்பில்லாமல். தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. இந்தப் பயிற்சி ஒரு தடவைக்கு 10 நிமிடம் போதும்.

சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் புறங்கையை 7 விநாடி வைக்க முடியாவிட்டால் நடை வேண்டாம். ஏற்காடு போய்வந்தால் வாருக்கடியில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.