பயனர் ஆய்வு போதும் என்று எப்போது முடிவு செய்வது?

செயலியைப் பயன்படுத்தப் போகிறவர்களில் இன்னும் எத்தனை பேரிடம் பேசப் போகிறாய் என்று மேலிடத்தில் உங்களை நெருக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதுதான் நடந்தது.

சேலத்தில் கொலுசுப் பட்டறைகளுக்காக ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். எவ்வளவு வெள்ளி எடை போட்டுக் கொடுத்தார்கள், வேலை முடிந்து எவ்வளவு திரும்பியது, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு, இவ்வளவுதான் கணக்கு. செவ்வாய்பேட்டையில் எட்டுப் பட்டறைக்காரர்களிடம் பேசினேன். ஐந்தாவது ஆளுக்கு மேல் புதிதாக ஒன்றும் வரவில்லை. "அஞ்சு பேர் போதும்னு நீல்சனே சொல்லியிருக்கார், கிளம்பு" என்றார் மேலாளர்.

மென்பொருளும் இணையதளமும் பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்று ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன். அவர் சொன்னது வேறு விஷயம். செய்து வைத்த செயலித் திரையை ஆட்களிடம் கொடுத்துப் பார்க்கும் சோதனைக்கான கணக்கு அது. ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் காட்டிக்கொடுத்தால் ஐந்து பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் வெளியே வந்துவிடும், திருத்திவிட்டு மறுபடி சோதியுங்கள் என்று 2000-இல் எழுதினார். பயன்படுத்துகிறவர்கள் வேறு வேறு வகை என்றால் ஒவ்வொரு வகையிலும் தனியாகப் பார்க்கச் சொன்னவரும் அவரேதான். ஒருவருக்கு என்ன தேவை என்று கேட்டு அறிவதற்கு அந்த ஐந்து பொருந்தாது.

எனக்கு உறுத்தியது ஒன்றுதான்: அந்த வெள்ளி பட்டறைக்காரர் கையோடு நிற்பதில்லையே, அப்புறம் யார் கைக்குப் போகிறது? இரண்டு நாள் கெஞ்சி வாங்கிக்கொண்டு சேலத்திலேயே பனங்காடு என்ற பகுதிக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்து சலங்கை கோர்க்கும் ஒரு அக்கா, செயலியைப் பார்த்ததும் கேட்டார்: "இப்ப என்கிட்ட ஒரு நோட்டு, பட்டறைக்காரங்ககிட்ட ஒரு நோட்டு இருக்கு. போன்ல அவங்களே எடையை மாத்திட்டா நான் எதைத் தம்பி காட்டுவேன்?" எட்டுப் பேரில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை, சொல்ல அவர்களுக்கு அவசியமும் இல்லை. எங்கள் செயலியில் பட்டறைக்காரர் மட்டும்தான் எடையைப் பதிய முடியும், திருத்தவும் முடியும்.

அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பேசப் போகும் முன், இவர் என்ன சொல்வார் என்று மூன்று வரி எழுதி வைப்பேன். அடுத்தடுத்து இரண்டு பேரிடம் அது அப்படியே சரியாக வந்தால் அந்த வகை ஆட்களிடம் நிறுத்திவிடுவேன். அந்த அக்காவைப் போல வீட்டிலிருந்தே சலங்கை கோர்ப்பவர்களில் ஆறாவது வீட்டோடு நிறுத்தினேன். இது ஆராய்ச்சி முறை இல்லை என்று யாராவது வரலாம். பல்கலைக்கழக ஆய்வுக்கு நான் இதைச் சொல்லவில்லை. செயலியில் எதை மாற்றுவது என்று முடிவெடுக்க எனக்கு இது போதுமானதாக இருந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் முடியவில்லை. பெங்களூரில் ஒரு மணி நேரம் பேசுகிறவருக்குப் பரிசுக் கூப்பன் கொடுத்த அதே நிறுவனம், இங்கே "டீ வாங்கிக் கொடு, போதும்" என்றது. அந்த அக்காவுக்குக் கோர்த்தால்தான் கூலி, என்னோடு பேசிய ஒன்றரை மணி நேரமும் அவர் கை சும்மா இருந்தது. ஆறு வீட்டுக்கும் என் பணத்தில்தான் கொடுத்தேன், இன்னும் திரும்பி வரவில்லை. உங்கள் ஆய்வுச் செலவில் இதை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.