கல்வெட்டுப் படத்தின் இரைச்சலை பிசிஏ எப்படி நீக்குகிறது?
தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை மங்கலான வெளிச்சத்தில் போனில் எடுத்தால் மணல் தூவியதுபோல் புள்ளிகள், அதாவது இரைச்சல், விழுகின்றன, முதன்மைக் கூறு பகுப்பாய்வு அதாவது பிசிஏ உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாகவே உதவும்.

படத்தை ஒன்றன்மேல் ஒன்று ஏறிய 8×8 பிக்சல் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டும் 64 எண்கள், ஒரு பிக்சலின் வெளிச்சத்துக்கு ஒன்று. சராசரியைக் கழித்ததும், இவை எந்தத் திசைகளில், அதாவது 64 எண்களும் சேர்ந்து மாறும் எந்த வடிவங்களில், அதிகம் மாறுகின்றன என்று பிசிஏ காட்டும். எழுத்தின் விளிம்பு திரும்பத் திரும்ப வருவதால் சில திசைகளிலேயே குவிந்துவிடும். இரைச்சலுக்கு ஒழுங்கு கிடையாது. 64 திசையிலும் ஏறக்குறைய சமமாகப் பரவும். ஆகவே அதிகம் மாறும் முதல் 8 திசைகளை மட்டும் வைத்து மீட்டால் இரைச்சல் ஆற்றலில் எட்டில் ஏழு பங்கு போய்விடும். அப்புறம் துண்டுகளைச் சேர்த்து, ஏறிய இடங்களில் சராசரி எடுங்கள்.

திசைகளை ரொம்பக் குறைத்தால் தேய்ந்த எழுத்தின் மெல்லிய கோடும் சேர்ந்து அழியும். படிப்பவருக்கு அது பெரிய நஷ்டம். ஐகன் மதிப்புகள், அதாவது ஒவ்வொரு திசையிலும் உள்ள மாறுபாட்டின் அளவுகள், இரைச்சல் மட்டத்துக்கு இறங்கித் தட்டையாகும் இடத்தில் நிறுத்துங்கள்.