பாம்பி கதையில் அப்பா மான் ஏன் தூரவே நிற்கிறது? இதில் குடும்பம் எங்கே இருக்கிறது?

மகளுக்குக் காட்ட முன் டிஸ்னியின் 1942 'பாம்பி' கார்ட்டூன் படத்தை நீங்கள் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "தாய் செத்த பிறகுதான் தகப்பன் எட்டிப் பார்க்கிறது, இதெல்லாம் ஒரு குடும்பமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில்.

எனக்கு ஊர் திருகோணமலை. இங்கே மான் பார்க்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. பிரட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆடு மாடு மாதிரித் திரியும். அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை. மாதம் ஒருமுறை இரவு பஸ்ஸில் வந்து, ஒரு பகல் நின்றுவிட்டு, அன்றிரவே திரும்பிவிடுவார். வந்த நாளிலும் பாதி நேரம் நித்திரைதான்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒருநாள் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாதி வழியில்தான் அர்ச்சனைத் தட்டு வாங்காதது நினைவு வந்தது. "இதில நில், வாறன்" என்று கோட்டைக்குள் ஒரு மரத்தடியில் என்னை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். என் கையில் கச்சான் (வேர்க்கடலை) சுருள். பெட்டை மான் ஒன்று வந்து கச்சானை விட்டுவிட்டுப் பேப்பரைப் பிடித்து இழுத்தது. கச்சான் எல்லாம் மண்ணில். அதன் ஈர மூக்கு விரலில் பட்டதும் நான் "அப்பா" என்று கத்திய கத்தலுக்கு மானே ஓடிவிட்டது. தட்டோடு வந்தவர் என்னைத் தூக்கவில்லை. "ஏன் பிள்ளை அழுறாய்? தனிய நிக்கத் தெரியாதோ?" என்றார். அவ்வளவுதான். அன்று இரவு பஸ் ஏறும்போது நான் அவருக்குக் கை காட்டவில்லை.

பெரியவளான பிறகுதான் மூலக்கதையை வாசித்தேன். (ஜெர்மன் தெரியாது, ஆங்கிலத்தில்தான். திருத்த வருபவர்கள் மெதுவாகத் திருத்துங்கள்.) வியன்னாவில் வாழ்ந்த பீலிக்ஸ் சால்டன் எழுதி 1923இல் புத்தகமாக வந்தது. அதில் குட்டி பாம்பி தாயைத் தேடிக் கத்திக்கொண்டு திரியும்போது படத்தில் அப்பாவாக வரும் அந்தக் கிழ ஆண்மான் முதன்முதலாக முன்னால் வந்து நிற்கிறது. அது கேட்பதும் அதே கேள்விதான்: உனக்குத் தனியே இருக்க முடியாதா? அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போய்த் தேத்தண்ணி போட்டேன்.

ஆனால் பிறகு என்ன நடக்கிறது பாருங்கள். வளர்ந்த பாம்பி துப்பாக்கிச் சூடு பட்டு விழுகிறான். கிழவர் வந்து தடவிக்கொண்டிருக்கவில்லை. எழும்பு, நட என்று விரட்டுகிறார். இரத்தத் தடத்தைப் பிடித்து வேட்டைக்காரன் வந்துவிடாமல் சுற்றிச் சுற்றி நடக்க வைக்கிறார். இரத்தம் நிற்க மூலிகை தின்ன வைக்கிறார். இது பாசம் இல்லை என்றால் வேறு எது? எல்லா அப்பாவும் அப்படி என்று நான் சொல்லவில்லை. வீட்டை விட்டு ஓடிய தகப்பனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று தயவுசெய்து யாரும் கிளம்பி வரவேண்டாம்.

எழுதியவர் யூதர். ஹிட்லரின் நாசிகள் 1936இல் இந்தப் புத்தகத்தைத் தடை செய்தார்கள். தனியே நிற்கப் பழகு என்று அவர் யாருக்குச் சொன்னாரோ. யுத்த காலத்து இராணுவச் செக்பொயின்ற் பார்த்து வளர்ந்த எனக்கு அதைச் சும்மா மான் கதையாக வாசிக்க முடியவில்லை.

படத்தில் இல்லாத கோபோ என்ற குட்டியும் இருக்கிறது, பாம்பியின் மச்சான். மனிதர்கள் எடுத்து வளர்த்ததால் அவர்களை நம்பிப் பழகிவிட்டது. காட்டுக்குத் திரும்பிய பிறகு அந்த நம்பிக்கையிலேயே ஒரு மனிதனுக்கு முன்னால் போய் நின்று சூடு வாங்கிச் சாகிறது. இதைச் சொல்லும்போது வயிறு எரிகிறது. எங்கள் ஊருக்குச் சுற்றுலா வருகிறவர்கள் மானுக்குச் சோற்றுப் பார்சலைப் பொலித்தீன் லஞ்ச் சீற்றோடு நீட்டிப் படம் எடுக்கிறார்கள். கோயிலுக்கு வந்த இடத்தில் ஏன் இந்தப் பாவம்? வடை கொடுக்காதீர்கள், பொலித்தீனை வீசாதீர்கள் என்றால் என்னை முறைக்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், மன்னியுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கதை முடியும் இடத்தில், தாயைக் கூப்பிட்டு அழும் இரண்டு குட்டிகளைப் பார்த்து, இப்போது பாம்பியே அந்தக் கேள்வியைக் கேட்கிறான். என் மகனைப் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டில் விட்ட அன்று அவன் என் சேலையை விடவில்லை. "தனிய நிக்கத் தெரியாதோ?" என்று என் வாயிலும் வந்தே விட்டது. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தெரியும். விருப்பமில்லை" என்றான். அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்டார்.

உங்கள் மகளுக்குப் படத்தைத் தாராளமாகக் காட்டுங்கள், 70 நிமிடம்தான். தாய் சாவதைக் காட்டமாட்டார்கள், வெடிச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த நேரம் பக்கத்தில் இருங்கள். புத்தகத்துக்கு இன்னும் சில வருஷம் போகட்டும். கோபோவின் இடத்தை என் மகனுக்கே நான் இன்னும் வாசித்துக் காட்டவில்லை.