தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பைத் தொழில்நுட்பம் எப்படி மாற்றியது?

மாறியது ஸ்டூடியோ பளபளப்பு மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நிகழ்வுக்கும் திரைக்கும் நடுவே இருந்த நேரம் சுருங்கிவிட்டது. வாசிப்பவரின் வேலையே அதனால் வேறாகிவிட்டது.

சென்னைத் தூர்தர்ஷன் 1975-ல் கருப்பு வெள்ளையில் தொடங்கியது. கலர் 1982-ல் வந்தது. அப்போது சிராவயல் மஞ்சுவிரட்டைப் படம் பிடித்தால், கேசட் பஸ்ஸிலோ ரயிலிலோ சென்னை போய்ச் சேர வேண்டும். அங்கே படத்தை வெட்டி ஒட்டிய பிறகு, எழுதித் திருத்திய தாள் வாசிப்பவர் கைக்கு வந்துவிடும். பிசிறில்லாமல் வாசித்தால் போதும்.

பிறகு வந்தது ப்ராம்ப்டர், அதாவது கேமராவைப் பார்த்தபடியே வாசிக்க எழுத்தைக் காட்டும் கருவி. லென்சுக்கு முன்னால் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி, அடியில் ஒரு திரை. திரையில் இடவலம் மாறி ஓடும் எழுத்து, கண்ணாடியில் நேராகத் தெரியும். கேமரா மிக அருகில் இருந்தால் விழி ஓடுவது நேயருக்குத் தெரிந்துவிடும். அதனால் கேமராவைத் தள்ளிவைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, வரியைக் குறுக்க வேண்டும். தமிழில் இங்கே ஒரு சிக்கல்: ‘தேவகோட்டையிலிருந்து’ போன்ற நீளச் சொல் வரி முடிவில் உடைந்தால் நாக்கு தடுக்கும். பிரித்து எழுதிக் கொடுப்பதே நல்லது.

பெரிய மாற்றம் லைவ்தான். ஓபி வேன், அதாவது களத்திலிருந்து நேரலை அனுப்பும் வண்டி; அதன் சிக்னல் சுமார் 36,000 கி.மீ. உயரச் செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்பக் கால் நொடி ஆகும். இப்போது பல சிம் போட்ட பேக்பேக், அதாவது முதுகில் மாட்டிக்கொள்ளும் நேரலைக் கருவி போதும்; படத்தைப் பங்குபோட்டு எல்லா சிம்மிலும் அனுப்பும். ஆனால் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் கூட்டமே செல்போனில் வீடியோ அனுப்பும்போது டவர் திணறி, படம் கட்டம் கட்டமாக உடையும். எல்லா சிம்மும் ஒரே நிறுவனத்துடையதாக இருக்கவே கூடாது. பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை) குறையுங்கள், தாமதத்தை 1 நொடியிலிருந்து 3 நொடிக்கு ஏற்றுங்கள், விட்டுப்போன துணுக்குகள் மறுபடி வந்துசேர அவகாசம் கிடைக்கும். அந்த 3 நொடியும் வாசிப்பவர் குறுக்கே பேசாமல் காத்திருக்க வேண்டும்.

அடிக்கடி சொதப்புவது இயர்பீஸ். நிருபருக்குத் திருப்பி அனுப்பும் ஒலியில் அவருடைய குரலை மட்டும் நீக்க வேண்டும். நீக்க மறந்தால், தான் பேசியதே தாமதமாகக் காதில் விழுந்து பேச்சு குழறிவிடும்.

ஸ்டூடியோவில் பச்சைத் திரை வைத்தால், பச்சை தெரியும் இடமெல்லாம் பின்னணிப் படம் வந்துவிடும். அதற்கு முன் உட்காருபவர் குறைந்தது 6 அடி தள்ளி உட்கார வேண்டும்; நெருங்கினால் பச்சை ஒளி தோளிலும் முடி ஓரத்திலும் படியும். காரைக்குடிக் கண்டாங்கி கட்டலாமா என்றால், தாராளமாகக் கட்டலாம், அகலக் கட்டமாக இருந்தால். நுணுக்கக் கட்டம் கேமராவில் அலை அலையாக மினுங்கும். பச்சைக் கரையோ, அந்த இடத்தில் பின்னணிப் படத்தைக் காட்டிவிடும்.