தட்டையான பின்தலைக்குத் தலைக்கவசம் தேவையா?

கேள்வி: எங்கள் 5 மாதக் குழந்தையின் பின்தலை வலப்பக்கம் தட்டையாக இருக்கிறது. தலைக்கவசம் அணிவித்தால் சரியாகும் என்கிறார்கள். அணிவிக்கலாமா?

பதில்: முதலில் குழந்தையை மடியில் உட்கார வைத்து, உச்சியிலிருந்து தலையைப் பாருங்கள். தட்டையான பக்கத்துக் காதும் நெற்றியும் சற்றே முன்னுக்குத் தள்ளியிருந்தால், அது பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படுத்ததால் வந்த அழுத்தமே. மூளை வளர்ச்சியை அது பாதிப்பதில்லை. ஆனால் மண்டையோட்டின் பொருத்துகள் முன்கூட்டியே இணைந்துவிடுவதும் அரிதாக உண்டு என்பதாலும், அதற்குச் சிகிச்சையே வேறு என்பதாலும், குழந்தைநல மருத்துவர் தொட்டுப் பார்த்து அதை விலக்கிய பிறகே கவசத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். கழுத்துத் தசை இறுகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். இறுகியிருந்தால் பயிற்சிதான் முதல் மருந்து.

கவசம் தலையை அழுத்துவதில்லை. தட்டையான பக்கத்தில் இடம்விட்டு, வளரும் தலையை அந்தப் பக்கம் வளரவிடுகிறது. ஆகவே தலை வேகமாக வளரும் 4 முதல் 6 மாதங்களில் தொடங்குவதே வழக்கம். நாளொன்றுக்கு 23 மணி நேரம், சில மாதங்கள் அணிய வேண்டும். வியர்வையும் தோல் சிவப்பும் கூடவே வரும். நெதர்லாந்தில் 84 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், மிதமான, ஓரளவு கடுமையான தட்டைத்தன்மையில், கவசம் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் 2 வயதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மிகக் கடுமையான கோணல் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

லேசான கோணலென்றால் நான் கவசத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். விழித்திருக்கும்போது குப்புற விளையாடவிடுங்கள். தூங்கும்போது மட்டும் மல்லாந்தே படுக்கட்டும்.